தையல் மெசின் மேல் 63 புத்தகங்கள்

எனக்குப் படிப்பித்த சேர் கொழும்பில் மகள் வீட்டோடு போய்த் தங்குவதென்று முடிவானதும், தன்னிடமிருந்த புத்தகங்களை மூன்று பிஸ்கட் பெட்டிகளில் கட்டி ஓட்டோவில் எனக்கு அனுப்பிவிட்டார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டோக்காரத் தம்பி பெட்டிகளை இஸ்தோப்பில், முன் திண்ணையில், இறக்கிவிட்டு, "என்ன டீச்சர், பரீட்சைக் கொப்பியா? இந்தக் கனம் கனக்குது" என்றான். எங்கள் மலையகத்துத் தலவாக்கலையில் ஜூலை மாதத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் அடி ஊறுவதற்குள் உள்ளே கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத மூலை ஒன்றுதான் உண்டு, அம்மாவின் தையல் மெசின் நிற்கிற மூலை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. மெசின் மேல் இரண்டு வரிசையாக அடுக்கி எண்ணிப் பார்த்தேன். 63.

சேர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவர். நான் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போய் ஆசிரியையாகி வந்ததும் என்னை "டீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் கூச்சப்பட்டதைப் பார்த்து மறுபடியும் "அம்மா"வுக்கு இறங்கினார். அவர் கொடுத்ததை அலட்சியமாக வைத்திருக்க முடியாது. இதில் அலுமாரிக்குள் என்னுடைய சொந்தச் சேர்க்கை வேறு. ஆசையாக வாங்கி, அட்டையைத் தாண்டாத புத்தகங்கள் முப்பதுக்குக் கிட்ட.

பட்டினி கிடந்தவளைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. ஆனால் முதல் மூன்று கிழமையும் நான் ஒரு புத்தகம்கூட வாசிக்கவில்லை.

நடந்தது இதுதான். இரவு சட்டி பானை கழுவி, மகளின் வீட்டுப்பாடம் பார்த்து, ஒன்பது மணிக்கு மெசினுக்கு முன்னால் போய் நிற்பேன். ஒன்றை உருவுவேன். பின்னட்டை, பிறகு முன்னுரையில் பாதி. நன்றாகத்தான் இருக்கும்போல என்று நினைக்கும்போதே பக்கத்தில் இருப்பது கண்ணில் படும். அதை எடுப்பேன். அதன் முன்னுரையில் இன்னொரு புத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கும், அதுவும் இந்த 63க்குள் எங்கேயோ இருக்கிறதே என்று தேடுவேன். பத்து மணிக்குக் கொட்டாவி. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டுப் படுப்பேன். வாசிக்க நேரமில்லை என்று பாடசாலையில் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்த நான், கிடைத்த ஒரு மணித்தியாலத்தையும் பின்னட்டை வாசித்தே தீர்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு நான் எடுத்த எந்த முடிவும் உருப்பட்டதில்லை. புத்தக விஷயத்தில் மட்டுமில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினேன். துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து, பகல் வெளிச்சத்தில் மூன்றே மூன்றை எடுத்து ஜன்னல் கட்டையில் வைப்பேன். பிறகு அம்மாவின் பழைய சேலைத் துண்டால் மெசினை மூடிவிடுவேன். அடுத்த ஞாயிறு வரை அந்தத் துணியைத் தூக்கக் கூடாது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் எனக்கு உதவியதில் பாதி அந்தச் சேலைத் துண்டுதான். மூன்றுக்குள் ஒன்றை எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அறுபதுக்குள் எடுக்க ஓர் இரவு போதாது.

இந்த ஆசைக்கு ஒரு பழைய வேர் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில். ஒரே அறை, அதைத்தான் காம்பரா என்போம், முன்னால் இஸ்தோப்பு. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து பாயில் கொட்டாமல் இருக்க, தீபாவளிக்கு முன் அப்பா பழைய பத்திரிகை ஒட்டுவார். டவுன் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய வீரகேசரியும் தினகரனும். கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, கையாலேயே தடவி ஒட்டுவார். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து என்னுடைய நூல்நிலையம் அந்தச் சுவர்தான். தலைகீழாக ஒட்டியதை வாசிக்க நானும் தலைகீழாகப் படுப்பேன். நான் தலைவைக்கும் இடத்துக்கு நேரே ஒரு கதை இருந்தது. ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் கடிதத்தோடு யாருக்காகவோ நிற்கிறாள். அதோடு பக்கம் முடிந்து, அடியில் "தொடர்ச்சி 10ஆம் பக்கம்". 10ஆம் பக்கம் சுவரைப் பார்த்து ஒட்டப்பட்டிருந்தது.

ஒரு வருஷம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் யாரும் இல்லாத நேரம் எச்சில் தொட்டு மூலையைக் கிளப்பினேன். தாளோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. பின்பக்கம் முழுதும் வெள்ளைப் பூச்சு, எழுத்து ஒன்றுமே தெரியவில்லை. அடி வாங்கியதுதான் மிச்சம்.

அந்தப் பிள்ளைதான் இன்றைக்கும் எனக்குள் இருந்துகொண்டு, கண்டதையெல்லாம் வாங்கச் சொல்கிறாள். தொட்டதைக் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்வதும் அவள்தான். அதனால் பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவது எனக்குச் சோற்றைக் கொட்டுவது போல. அப்படி ஒருமுறை பிடிக்காத நாவல் ஒன்றை நான்கு மாதம் இழுத்தேன். அந்த நான்கு மாதமும் வேறு எதையும் தொடவில்லை, இது முடியட்டும் என்று. இப்போது எனக்கு மூன்று தடவைக் கணக்கு. மூன்று நாள் உட்கார்ந்து பார்ப்பேன். மூன்றாவது நாளும் ஆட்கள் யார் யாரென்று முன்பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து அடுக்கின் அடிக்குப் போட்டுவிடுவேன். வெளியே எறிவதில்லை. அப்படி அடிக்குப் போன ஒன்று, அப்பா இறந்த வருஷம் மேலே வந்தபோது ஒரே மூச்சில் ஓடியது. புத்தகம் அதேதான், டிக்கெட்டும் அப்படியே இருந்தது.

அலுமாரியில் இருக்கும் முப்பதில் ஒரு பங்கு முகத்துக்காக வாங்கியவை. மலையக மக்கள் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எனக்கு வந்த வெளியீட்டு விழா அழைப்பிதழ்களே ஒன்பது. எங்கள் நாட்டு வெளியீட்டு விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதல் பிரதி முடிந்ததும் சிறப்புப் பிரதிகள் தொடங்கும். ஒலிவாங்கியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஆசிரியை திருமதி" என்று கேட்டதும் கடித உறை இல்லாமல் மேடை ஏற முடியுமா? உறைக்குள் ஆயிரத்தை வைத்துக்கொண்டு, ஏறி, கும்பிட்டு, படம் எடுத்து, புத்தகத்தோடு இறங்குவேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். எழுதியவர் உள்ளூர்க்காரர். ஞாயிற்றுச் சந்தையில் கோவாவும் லீக்ஸும் வாங்கிக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து நிற்பார். "வாசிச்சீங்களா டீச்சர்?" ஒருவரைத் தவிர்ப்பதற்காக ஒரு மாதம் நான் பின்பக்கச் சந்தால் போய் மரக்கறி வாங்கியிருக்கிறேன். இப்போது விழா முடிந்த கிழமையிலேயே அந்தப் புத்தகத்தில் ஒரு கதை, அல்லது ஓர் அத்தியாயம், அல்லது நாலு கவிதை, அதை மட்டும் ஒழுங்காக வாசித்துவிடுவேன். ஆளைக் கண்டால் மறைக்காமல் சொல்வேன், "முழுக்க இல்லை, அந்த மூன்றாவது கதை வாசிச்சேன், அந்தக் கிழவி கடைசியில் பேசாமல் போனது பிடிச்சிருந்தது" என்று. அவர்களுக்கு அதுவே போதும். முழுக்க வாசித்தேன், நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னவர்களைவிட என்னை நம்புகிறார்கள். அப்படி ஒரு கதையோடு நிறுத்தலாம் என்று எடுத்ததில் இரண்டு புத்தகம் என்னை முழுக்க இழுத்துக்கொண்டு போனது தனிக் கதை.

அடுப்பங்கரைச் சோதனை தற்செயலாகக் கிடைத்தது. சம்பா அரிசியை உலையில் போட்டுவிட்டு, ஜன்னல் கட்டையில் இருந்த மூன்றில் ஒன்றைச் சும்மா விரித்தேன். முதல் பக்கத்தில் இல்லை, நடுவில். முதல் பக்கத்தை எல்லோரும் அழகாகத்தான் எழுதுகிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் கூட்டி வைப்பது மாதிரி. நடுப்பக்கத்தில்தான் அந்த வீட்டின் அன்றாடம் தெரியும். நின்றபடியே வாசித்தேன். அம்மா வெளியிலிருந்து, "பாப்பா, என்ன கருகுது?" என்று கத்தினபிறகுதான் மூக்கில் ஏறியது. கஞ்சி வழிந்து அடுப்பு நனைந்து, பிறகு தண்ணீர் வற்றி அடிப்பிடித்து, அந்தச் சோற்றை அன்று மூன்று பேரும் சம்பலோடு விழுங்கினோம். ஆனால் எந்தப் புத்தகம் என்பதில் சந்தேகமே இல்லை.

அதன்பிறகு அதை வேண்டுமென்றே செய்யத் தொடங்கினேன். மூன்றையும் அடுப்பங்கரை ஜன்னலில் வைத்து, ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றை நடுவில் விரித்து நான்கு பக்கம். உலையைப் பார்க்க எத்தனை தடவை தலையைத் தூக்கினேன் என்று பார்ப்பேன். அடிக்கடி தூக்கினால் அது வேறு நாளுக்கு. அடிப்பிடித்த சோறு இதுவரை ஐந்து. (மகள் இப்போது நான் புத்தகம் எடுப்பதைக் கண்டால் தானே வந்து அடுப்பைக் குறைத்துவிடுகிறாள்.)

புத்தகங்களை நாவல், கவிதை, வரலாறு என்று வகை பிரித்து அடுக்குவார்கள். எனக்கு அது சரிவரவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் வேறொரு வகை பிரித்தேன்: வெளிச்சம். சேரின் புத்தகங்களில் பழையவை மண்ணிறத் தாளில் பொடி எழுத்து. மெழுகுதிரியில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். புதியவை வெள்ளைத் தாள், பெரிய எழுத்து. பழையதைப் பகலுக்கும் விடுமுறைக்கும் ஒதுக்கினேன், புதியதை இரவுக்கு. நாற்பது தாண்டிய கண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. அதுவரை "இந்தப் புத்தகம் நமக்குப் புரியவில்லை" என்று நான் மூடி வைத்த சிலதில், புரியாமல் போனது எழுத்தின் அளவு மட்டும்தான்.

இடமும் அப்படித்தான். பாடசாலைக்கு நான் தினமும் கொட்டகலை பஸ்ஸில் போகிறேன். அரை மணி நேரம் சும்மா போகிறதே என்று ஒரு நாவலை எடுத்துப் போனேன். சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, டெவன் பக்கம் வளைவுக்கு மேல் வளைவாக வரும்போது வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. பத்தனையில் இறங்கித் தண்ணீர் குடித்தபிறகுதான் நிதானம். இப்போது பஸ்ஸுக்குக் கவிதைதான். ஏறும் முன் பஸ் ஹோல்டில் நின்று ஒன்றை வாசித்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு அதையே மெல்லுவேன். கொழும்புக்குக் கோச்சியில், அதாவது ரயிலில், போகும்போது தடித்த நாவல். ஆறு மணித்தியாலப் பயணம், யாரும் "அம்மா" என்று கூப்பிட மாட்டார்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் வரும். பெட்டியில் விளக்கு எரியாவிட்டால் வரி நடுவில் இருட்டிவிடும். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருப்பேன். அந்த நேரம் மனதில் கதை ஓடுகிறதா, இல்லை இறங்கி வாங்க வேண்டிய சாமான் ஓடுகிறதா என்பதே புத்தகத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

விலை பார்த்து வரிசை போட்டதுதான் நான் செய்த பெரிய பிழை. இந்தியாவில் 300 ரூபாய் விலை போட்ட புத்தகம், வெறும் நாணயமாற்றுக் கணக்கிலேயே 2021இல் எங்கள் காசுக்கு 800 ரூபாய்ப் பக்கம். 2022 நடுவில் இந்திய ஒரு ரூபாய் நாலரையைத் தாண்டியபோது அதே புத்தகம் 1,400க்குக் கிட்ட. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000. முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு முன்னால் அந்தப் பையைப் பிரிக்கவே எனக்குக் கை கூசியது. அந்தக் கூச்சத்தில், விலை கூடியதை முதலில் முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். காசு போன புத்தகம் போனதுதான். கட்டாயத்துக்கு வாசித்தால் அதோடு ஒரு மாதமும் போகும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இரவல் புத்தகம் மட்டும் விதிவிலக்கு. அது எப்போதும் முதலில். நகரசபை நூலகத்தின் இரண்டு கிழமைத் தவணை எனக்கு நல்ல கண்காணி, திகதி முத்திரையைப் பார்த்தாலே கை தானாகப் போகும். ஆட்களிடம் வாங்கியது அப்படியில்லை. அவர்கள் கேட்க மாட்டார்கள், மனதுக்குள் வைத்திருப்பார்கள். ஒரு கூட்டாளியின் புத்தகத்தை மூன்று வருஷம் வைத்திருந்து, கடைசியில் புத்தகமும் கூட்டாளியும் தூரமாகிப் போன அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இரவல் வந்தால் ஜன்னல் கட்டையில் இருக்கும் மூன்றில் ஒன்று இறங்க வேண்டும், அது ஏறும்.

சிலவேளை தேர்ந்தெடுப்பது நாம் இல்லை, பூஞ்சணம். மே மாதம் தொடங்கும் மழை விடுகிற வரைக்கும் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். மெசின் மூலையிலேயே கீழ் வரிசைக்கு ஒருநாள் சாம்பல் பூத்துவிட்டது. காய்ந்த துணியால் துடைத்து, பக்கங்களை விசிறி போல விரித்து, அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு நாள் வைத்தேன். வெயில் வந்தாலும் நேர் வெயிலில் போடக் கூடாது, தாள் வளைந்து முதுகுப் பசை வெடித்துவிடும். காற்றோட்டமான நிழல்தான் சரி. கீழ் வரிசையை மாதம் ஒருமுறை மேலே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி நமக்கு முன்னால் வாசித்துவிடும். அப்படித் துடைக்கும்போது ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்த ஒரு பழைய பயண நூலை, பிரித்துப் பிரித்தே முழுக்க வாசித்து முடித்தேன். என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் அதை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

போனில் இன்னொரு மலை இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அச்சில் தேடிக் கிடைக்காததை அங்கே கண்டெடுத்திருக்கிறேன், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் இறக்கி வைப்பதற்கும் வாசிப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை என் போன் நிரம்பியபோது தெரிந்துகொண்டேன். கடையில் கிடைக்காதது, அதுவும் சிறுகதை அளவில், அவ்வளவுதான் போனுக்கு.

இவ்வளவு சட்டமும் போட்டபிறகும் ஒரு வரிசை அசையாமல் கிடந்தது. எங்களைப் பற்றிய புத்தகங்கள். தோட்டம், லயம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டு, குடியுரிமை பறிபோனது, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களின் ஒப்பாரிக் கோச்சி. ஒவ்வொரு ஞாயிறும் அந்த முதுகுகளில் விரல் ஓடும், தாண்டிப் போய்விடும். கண்டிப்பாக வாசிக்க வேண்டியது என்று எல்லோரும் சொன்னார்கள், நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நாள் முழுக்க அதற்குள்ளேயே இருந்துவிட்டு வந்து, இரவில் அதையே திறக்க மனம் வருவதில்லை. யாரோ ஒருவரின் ருஷ்யப் பனியில் எனக்குக் குளிர்வதே இல்லை, எங்கள் லயத்துக் கூரைத் தகரத்தில் மழை விழுகிற வரி வந்தால் குளிர்கிறது. இதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே பல வருஷம் தாண்டினேன்.

உடைத்தது அம்மா. ஒரு பிப்ரவரி மாதத்து ஞாயிறு, நல்ல வெயில். அம்மா மெசினில் மகளின் கவுனுக்கு ஓரம் அடிக்க வேண்டுமென்று புத்தகங்களைப் பாய்க்கு இறக்கினார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அம்மா, எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஓர் அட்டையைப் பார்த்து, "மலை... நாட்டு... மக்கள்... பாடல்கள். இது என்னா பாப்பா, நம்ம பாட்டா?" என்று கேட்டார். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தது. 1947 தேர்தலில் எங்கள் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன அதே சி.வி. தான். நான் பாதுகாப்பாக அடியில் வைத்திருந்த புத்தகம்.

ஒரு பாட்டை வாசித்துக் காட்டினேன். அம்மா ஊசியில் நூல் கோர்த்தபடியே, "அப்புடி இல்ல" என்றார்.

"புத்தகத்துல இப்புடித்தானே இருக்கு."

"புத்தகத்துல இருக்கும். எங்க தோட்டத்துல கடைசி வரி வேற." சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, மெல்லிய குரலில் பாடினார். என் வயதுக்கு நான் அம்மா பாடிக் கேட்டதில்லை. தாலாட்டுகூட ஆயாதான் பாடியிருப்பார். அவர் பாடிய வரியைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அடுத்த பாட்டு அவருக்குத் தெரியாது. அதற்கடுத்தது தெரியும், ஆனால் அதைப் பாட மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது எங்க அத்த பாடும். அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மெசினை மிதிக்கத் தொடங்கினார்.

அந்தப் புத்தகம் முடிய மூன்று மாதம் எடுத்தது. ஞாயிறு பின்னேரம், பிளேன்டியோடு, நான்கு பக்கம், சில நாள் இரண்டு. இவ்வளவு மெதுவாக நான் எதையும் வாசித்ததில்லை. இப்போது அந்த வரிசை முழுவதும் அம்மாவின் நேரத்துக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. அவற்றை நான் தனியாக எடுப்பதில்லை, எடுக்க வேண்டும் என்று என்னை நெருக்குவதும் இல்லை. அடுத்து எது என்பதையும் அவரே சொல்வார். அவருடைய முறை எளிது: கையில் தூக்கிப் பார்ப்பார். "இது அரைக் கிலோவுக்கு மேல இருக்கும், வேணாம்." கூடையைத் தோளில் வைத்தே கொழுந்தின் நிறை சொன்ன ஆள். ஒருநாள் மகள் சந்தேகப்பட்டு அடுப்பங்கரைத் தராசில் வைத்துப் பார்த்தாள், 540 கிராம்.

சேரின் புத்தகங்களில் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். வாசித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் திகதியும் ஒரு வரியும் எழுதியிருப்பார். "12.4.87. நாவலப்பிட்டி ஸ்டேஷன். கோச்சி லேட்." "மழை. லீவு. ஒரே நாள்." ஒன்றில், "இரண்டாம் முறை. முதல் தடவை எனக்குப் புரியவில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை." சில நாள் கதையை விட்டுவிட்டு இந்தக் கடைசிப் பக்கங்களையே வாசித்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு போகும்போதுதான், ஒன்றுமே எழுதாத புத்தகங்களும் இருப்பது தெரிந்தது. எண்ணினேன். 14.

போன ஞாயிறு சேருக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்து, முழங்கால் வலி கேட்டு, பிறகு மெதுவாக, "சேர், 14 புத்தகத்துல பின்னால ஒண்ணும் எழுதலியே" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தார். "எண்ணிப் பாத்துட்டீங்களா? அதெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் வாசிக்கலாம்னு வச்சதும்மா."

"ரிட்டயர் ஆகி எத்தன வருஷம் சேர்?"

"பதினொண்ணு." மறுபடி சிரிப்பு. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் மகள் இருந்திருக்க வேண்டும், "அதுல சிவப்பு அட்ட, தடிச்சது ஒண்ணு இருக்கும் பாருங்க. நீங்க முடிச்சதும் யாராவது இந்தப் பக்கம் வந்தா குடுத்து விடுங்க. இங்க பொழுது போகுதில்ல" என்றார்.

சிவப்பு அட்டை எனக்குத் தெரியும். அறுநூறு பக்கத்துக்கு மேல். பஸ் டிக்கெட் வைத்து இரண்டு தடவை நான் அடிக்குத் தள்ளியது. ஆனால் இப்போது அது இரவல் புத்தகம் ஆகிவிட்டதே. ஜன்னல் கட்டையிலிருந்து ஒன்றை இறக்கிவிட்டு அதை ஏற்றினேன். 38ஆம் பக்கத்தில் நிற்கிறேன். சோறு இன்னும் அடிப்பிடிக்கவில்லை.